கரஸில் வாத்தியார் படிப்பு

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தத் தமிழ்நாட்டில் கேட்கப்படும் தகுதி, பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு படிக்கும் தொடக்கக் கல்விப் பட்டயம். ஊர்ப் பேச்சில் அது 'டீச்சர் ட்ரெயினிங்'. சான்றிதழில் டி.டி.எட். என்று இருந்த பெயர் பின்னாளில் டி.எல்.எட். ஆயிற்று. அதை முடித்து அரசுப் பள்ளிக்குப் போகிறவருக்கு இடைநிலை ஆசிரியர் என்று பதவிப் பெயர். வேலை செய்வது தொடக்கப் பள்ளியில், பெயரில் மட்டும் எப்படி இடைநிலை என்று பலரும் கேட்பதுண்டு. எட்டாவது முடித்துப் பயிற்சி பெற்றவர் ஹையர் கிரேடு, பள்ளியிறுதி வரை படித்துப் பயிற்சி பெற்றவர் செகண்டரி கிரேடு என்று இருந்த காலத்தின் மிச்சம் அது. ஆசிரியர் எதுவரை படித்தார் என்பதை அந்தப் பெயர் சொல்லும்; எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார் என்பதைச் சொல்லாது.

இந்தப் படிப்பைப் பதினெட்டு வயதில் தவறவிட்டு, முப்பதிலும் நாற்பதிலும் தேடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் உள்ள ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் அதற்குக் காரணம் கொஞ்சம் தெளிவாகவே தெரியும். பட்டுத் தறியில் கூலி மாதத்துக்கு வருவதில்லை, புடவை அறுத்தால்தான் வரும். ஒரு பாவில் மூன்று புடவை என்றால், பாவு தீர்ந்து அடுத்த பாவு வந்து சேரும்வரை வீடு காத்திருக்க வேண்டும். தறியில் உட்காருகிறவர் பெயரில்தான் கூலி எழுதப்படும். தார் சுற்றுவது, இழை அறுந்தால் பிணைப்பது, பாவு நீட்டும்போது கூட நிற்பது என்று வீட்டுப் பெண்கள் பார்க்கும் வேலைக்குத் தனிக் கணக்குக் கிடையாது. பிளஸ் டூ படித்துவிட்டு அந்த வீட்டுக்கு வந்த மருமகளை அருகிலிருக்கும் நர்சரி பள்ளி 'மிஸ்' ஆக எடுத்துக்கொள்ளும். சம்பளம் சொற்பம், ஆனால் மாதாமாதம் வரும். பத்து ஆண்டு போனால் தெருவே அவரை மிஸ் என்று கூப்பிடும். ஆய்வுக்கு அதிகாரி வந்து பதிவேட்டைத் திறந்தால் மட்டும் அவர் பெயருக்கு நேரே 'பயிற்சி பெறாதவர்' என்றுதான் இருக்கும்.

கரஸில், அதாவது அஞ்சல் வழியில், இந்தப் பட்டயத்தை வாங்க முடியுமா? ஏற்கெனவே வகுப்பில் நிற்கிறவருக்கு விதியில் வழி உண்டு, வீட்டில் இருப்பவருக்கு இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த நெறிமுறைகள் தொலைநிலைத் தொடக்கக் கல்விப் பட்டயத்தைப் பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கென்றே ஒதுக்குகின்றன. பிளஸ் டூவில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். அரசுப் பள்ளியிலோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ தொடக்க வகுப்புகளில் இரண்டு ஆண்டு கற்பித்த அனுபவமும் வேண்டும். படிப்புக் காலம் இரண்டு ஆண்டு. அதற்குள் முடிக்க முடியாதவர் ஐந்து ஆண்டு வரை இழுத்து முடிக்கலாம். விதியில் இடம் இருக்கிறது என்பதாலேயே இந்த ஆண்டு எங்கோ சேர்க்கை நடக்கிறது என்று ஆகிவிடாது. அதைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம்.

இந்த அனுபவ நிபந்தனையைப் பலர் அரசின் பிடிவாதமாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அது இந்தப் படிப்பின் அச்சாணி. காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் தனித்தனி நாடா ஓட்டிக் கோத்து நெய்வதைக் கோர்வை என்பார்கள். கோர்வை எப்படி விழுகிறது என்று நூறு பக்கம் எழுதலாம், படமும் போடலாம். தறியில் உட்கார்ந்து பத்து இடத்தில் தப்பு விட்டவருக்குத்தான் அந்த நூறு பக்கம் விளங்கும். கற்பித்தலும் அப்படி. தபாலில் பாடம் வரும், பிள்ளைகள் வரமாட்டார்கள். நேரில் படிக்கும் பயிற்சிப் பள்ளி, மாணவரைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பி வகுப்பை ஏற்பாடு செய்து தருகிறது. தொலைநிலைப் படிப்பு அந்த வகுப்பைக் கையோடு கொண்டுவருகிறவரை மட்டும் சேர்த்துக்கொள்கிறது.

உலகில் இந்த முறை பரவிய கதையும் இதையே காட்டும். பள்ளிகள் வேகமாகப் பெருகி, பயிற்சி பெற்ற ஆள் போதாமல் போன இடங்களில்தான் இது பிறந்தது. 1974இல் தான்சானியா எல்லாப் பிள்ளைகளையும் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவெடுத்தபோது, அதற்கு வேண்டிய ஆசிரியர்களைக் கல்லூரிகளால் தர முடியவில்லை. தொடக்கப் பள்ளி முடித்த கிராமத்து இளைஞர்களையே வகுப்பில் நிறுத்தி, வாரத்தில் சில நாள் கற்பிக்கவும் மீதி நாள் கற்கவும் வைத்தார்கள். அஞ்சல் பாடம், வானொலி, ஊருக்கே வரும் வழிகாட்டி, கடைசியில் சில வாரம் கல்லூரியில் தங்கிப் படிப்பு என்று திட்டம் ஓடியது. 1976 தொடங்கி எட்டு ஆண்டுக்குள் சுமார் 45 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள், சுமார் 38 ஆயிரம் பேர் தேறினார்கள்.

இலங்கையில் 1980களின் தொடக்கத்தில் பயிற்சி இல்லாத ஆசிரியர்கள் பல்லாயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தார்கள். கல்லூரிகளில் அத்தனை பேருக்கும் இடம் கிடைக்க நீண்ட காலம் ஆகும் என்ற நிலை. சுவீடன் நாட்டு உதவியோடு கல்வி அமைச்சு தொலைக்கல்வியைத் தொடங்கியது. சிங்களத்திலும் தமிழிலும் சிறு பாடநூல்கள், அவற்றோடு மாவட்ட அளவில் வழிகாட்டும் ஆசிரியர்கள். பின்னால் இதை ஆராய்ந்தவர்கள் இரண்டு விஷயங்களைக் கண்டார்கள். கல்லூரிப் பயிற்சியைவிட இதற்கு ஆன செலவு மிகக் குறைவு. மொழிப் பாடத்தில் நல்ல பலன் இருந்தது. கணிதத்தில் அந்த அளவு இல்லை. வாசித்துக் கற்கிறவருக்கு வாசிப்பைக் கற்பிப்பது கைவந்துவிடும். கணக்கில் மாட்டிக்கொண்ட இடத்தைக் காட்டிக் கேட்க ஆள் பக்கத்தில் வேண்டும் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் இதன் முதல் வடிவம் தொடக்க ஆசிரியர்களுக்கானதல்ல. 1963இல் அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர் ஆகிய நான்கு இடங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் வந்தன. அவை 1966 முதல், பணியில் இருக்கும் பட்டதாரி ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் நேர் வகுப்பும் ஆண்டு முழுவதும் அஞ்சல் பாடமுமாக பி.எட். நடத்தின. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அஞ்சல் வழிக் கல்வி 1970களில் தொடங்கி வேரூன்றியது: 1971இல் மதுரை, 1979இல் அண்ணாமலை, 1981இல் சென்னை. 'கரஸ்' என்ற சொல் வீட்டுச் சொல்லானது அப்போதுதான். ஆனால் அவை தந்தவற்றில் பெரும்பகுதி பி.ஏ., பி.காம்., எம்.ஏ. போன்ற பட்டங்களே. சின்ன வகுப்பு ஆசிரியரின் படிப்பு நேர்ப்பயிற்சிப் பள்ளிகளுக்குள்ளேயே இருந்தது.

அதை உடைத்தது ஒரு சட்டத்தின் கெடு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது, ஒன்று முதல் எட்டு வரை கற்பிக்கும் எல்லோருக்கும் குறைந்தபட்சத் தகுதி வேண்டும் என்றது. இல்லாதவருக்கு ஐந்து ஆண்டு அவகாசம் தந்தது. 2015 மார்ச் 31 வந்தது, போனது. நாடெங்கும் லட்சக்கணக்கானோர் இன்னும் பயிற்சி பெறாமலே இருந்தார்கள். 2017இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 2019 மார்ச் 31க்குள் தகுதி பெறாதவர் பணியில் நீடிக்க முடியாது என்று முடித்தது. அத்தனை பேரையும் எந்தக் கல்லூரியில் உட்காரவைப்பது? தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்திடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. நேர்ப்படிப்பில் இரண்டு ஆண்டாக இருந்ததை, சேருகிறவர்கள் ஏற்கெனவே பள்ளியில் இருக்கிறார்கள் என்பதால் உட்பயிற்சிக் காலத்தைக் கழித்து 18 மாதமாக்க, ஆசிரியர் கல்விக் குழுமம் 2017 செப்டம்பரில் அனுமதி தந்தது. அடுத்த மாதம் வகுப்புத் தொடங்கியது. 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தார்கள்.

அரசுப் பள்ளிக்குப் பயிற்சி இல்லாதவரை எடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இல்லாததால், இங்கே இந்தக் கெடு கழுத்தைப் பிடித்தது பெரும்பாலும் தனியார் நர்சரி, மெட்ரிக் பள்ளிகளில் இருந்தவர்களை. அதாவது ஐயம்பேட்டை மிஸ் மாதிரியானவர்களை. பிளஸ் டூவில் 50 சதவீதம் எட்டாதவர்களுக்கும் ஒரு பக்கவழி விட்டிருந்தார்கள்: பட்டயத்தைப் படித்துக்கொண்டே திறந்தநிலைப் பள்ளி மூலம் பிளஸ் டூ பாடங்களை மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். மகன் பிளஸ் டூ எழுதும் வருஷத்தில் அம்மாவும் பிளஸ் டூ எழுதுவது என்பது இந்த வழியில் நடக்கக்கூடிய காரியம்.

பாடங்கள் மூன்று வழியாக வந்தன: அச்சு நூல், ஸ்வயம் இணையதளத்தில் காணொளி, அதுவும் எட்டாதவர்களுக்கு வீட்டு டிஷ் ஆன்டெனாவில் ஸ்வயம் பிரபா அலைவரிசை. பத்துத் தாள்கள். இந்தியாவில் தொடக்கக் கல்வியின் சமூகப் பின்னணி, கற்பிக்கும் முறை, மொழி, கணிதம், சூழ்நிலையியல், மாற்றுத்திறன் பிள்ளைகளையும் சேர்த்து நடத்தும் வகுப்பு, ஊரும் பள்ளியும், கலை உடற்கல்வி கைத்தொழில் ஆகியவற்றோடு, மேல் வகுப்புகளுக்கான சமூக அறிவியல், அறிவியல் என்று அவை போயின. ஒவ்வொரு தாளிலும் எழுத்துத் தேர்வுக்கு 70, ஒப்படைப்புகளுக்கு 30. இவை போகப் பள்ளிச் செயல்பாடு, பயிலரங்கு, கற்பித்தல் பயிற்சி தனி.

இந்த மாதிரிப் படிப்புகளின் பாடநூல் கல்லூரிப் புத்தகம் போல இருக்காது. இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை வாசிப்பை நிறுத்தி வாசகரைக் கேள்வி கேட்கும்: உங்கள் வகுப்பில் கடந்த வாரம் அதிகம் பேசாத மூன்று பிள்ளைகள் யார்? ஏன் பேசவில்லை? கீழே எழுத இடம் விட்டிருக்கும். ஆசிரியர் இல்லாத குறையைப் புத்தகமே ஆசிரியர் போலப் பேசிச் சரிக்கட்டும் உத்தி இது. வகுப்பே இல்லாதவர் இந்த இடத்தில் கற்பனையாக மூன்று பெயர் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். வகுப்பு உள்ளவருக்கு மறுநாள் காலை அந்த மூன்று முகங்கள் கண்ணில் படும்.

குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் வரும் உளவியலாளர் பியாஜேயின் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர். ஒன்றை எடுத்து ஒல்லியான உயரமான பாத்திரத்தில் பிள்ளையின் கண்ணெதிரே ஊற்றி, எதில் அதிகம் என்று கேட்டால், நான்கைந்து வயதுப் பிள்ளை உயரமானதைக் காட்டும். ஏழெட்டு வயதில் அதே பிள்ளை சிரித்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும். பதினெட்டு வயது மாணவிக்கு இது தேர்வில் வரும் ஐந்து மார்க் கேள்வி. இரண்டு பிள்ளை வளர்த்தவருக்கு, 'அண்ணனுக்கு மட்டும் நிறைய ஊத்துனே' என்று டவராவையும் டம்ளரையும் பார்த்து அழுத மகளின் நினைவு. பிடிவாதம் என்று அன்று அதட்டியது பிடிவாதம் இல்லை, அந்த வயதின் பார்வை என்று தெரிகிறபோது, அடுத்த நாள் முதல் வகுப்பில் அவர் கேள்வி கேட்கும் விதமே மாறும். வயது வந்தபின் படிப்பதில் உள்ள உண்மையான அனுகூலம் இது. பொறுமை, அனுபவம் என்று பொதுவாகச் சொல்வதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

கணக்கில் இன்னும் கூர்மையாகத் தெரியும். 52இலிருந்து 27ஐக் கழி என்றால் ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. பயிற்சி இல்லாதவர் சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டு, சரியான விடையை எழுதிக் காட்டி, பத்து முறை எழுதி வரச் சொல்வார். பயிற்சி என்ன சொல்கிறது என்றால், அந்த நோட்டில் முந்தைய நான்கு கணக்கையும் பார். 41இல் 18ஐக் கழித்தால் 37, 63இல் 25ஐக் கழித்தால் 42 என்று இருந்தால், பிள்ளை கவனக்குறைவால் தவறவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறது. மேலே எது, கீழே எது என்று பார்ப்பதில்லை. தனக்கென ஒரு விதி செய்துகொண்டு அதைப் பிசகாமல் பின்பற்றும் பிள்ளை அது. பத்து முறை எழுதவைத்தால் அந்த விதி இன்னும் கெட்டிப்படும். பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்துக் கையில் கொடுத்தால்தான் உடையும். தவறுகளைப் பிள்ளையின் சிந்தனைக்குச் சாட்சியாகப் படிக்கும் இந்தக் கண்தான் மொத்தப் படிப்பின் சாரம் என்று சொன்னால் மிகையாகாது.

தமிழ்நாட்டில் இந்தக் கண் இல்லாமல் சின்ன வகுப்பை நடத்துவதும் கடினம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007க்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, பாட வரிசையைக் காட்டும் ஏணிப்படியில் தாங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்து அதற்கான அட்டையை எடுத்துக்கொண்டார்கள். 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒரே வகுப்பைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. கரும்பலகையைப் பார்த்து எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் வகுப்புக்கு உரத்த குரல் இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளையும் வேறு வேறு இடத்தில் இருக்கும் வகுப்புக்குப் பயிற்சி வேண்டும். தனியார் பள்ளியில் இருந்து வருகிறவருக்கு இந்த மாற்றம் பெரும்பாலும் புத்தகத்தில்தான் முதலில் அறிமுகமாகும்.

செய்முறையில் ஒரு முக்கியப் பகுதி தனியாள் ஆய்வு. கற்பதில் சிரமப்படும் ஒரு பிள்ளையைத் தேர்ந்து, சில வாரம் கவனித்து, வீட்டுக்கும் போய்ப் பேசி, அறிக்கை எழுத வேண்டும். நெசவூரில் இதை எழுதுகிறவருக்குப் பொருளைத் தேட வேண்டியதில்லை. கோர்வைக்குத் தறியின் மறுபக்கம் கரை நாடாவைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தது பெரும்பாலும் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைதான். காஞ்சிபுரம் தறிகளில் இருந்து பிள்ளைகளை மீட்கத் தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் நடத்தப்பட்டன. அந்த நிலைமை இன்று வெகுவாக மாறிவிட்டது. ஆனாலும் புடவை அறுக்கும் நாளில் வராத பிள்ளை, இரவு தார் சுற்றிவிட்டு முதல் பீரியடில் தூங்கும் பிள்ளை என்று வருகைப் பதிவேட்டில் அதன் நிழல் விழக்கூடும். வருகைப் பதிவேட்டின் விடுப்புகளையும் வீட்டின் பாவு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த ஊர்க்காரரால் முடியும். வெளியூரிலிருந்து வரும் பயிற்சி மாணவருக்கு அது ஒழுங்கீனமாக மட்டும் தெரியும்.

பாடக்குறிப்பு எழுதுவதும் அப்படியே. அளவை பற்றிய பாடத்துக்குப் புத்தகத்தில் ரிப்பனும் கயிறும் உதாரணமாக இருக்கும். ஐயம்பேட்டைப் பிள்ளைக்குப் புடவை ஆறு கஜம் என்பது பள்ளிக்கு வரும் முன்பே தெரியும். அது ஐந்தரை மீட்டருக்குச் சற்றே குறைவு என்று டேப் வைத்து அளந்து கண்டுபிடிக்க விட்டால், ஒரு பீரியடில் கஜமும் மீட்டரும் தசமமும் சேர்ந்து வந்துவிடும். இப்படி ஒரு குறிப்பை எழுதிக் கொண்டுபோய் நடத்தி, எங்கே வகுப்பு கைமீறிப் போனது என்று அதே குறிப்பின் கீழே எழுதிவைப்பதுதான் பயிற்சி.

இதெல்லாம் ஒழுங்காகச் செய்தால். செய்யாமலும் பட்டயம் வாங்கலாம் என்பது இந்த முறையின் பெரிய ஓட்டை. ஒப்படைப்புகளின் விடைகள் கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் கடைகளிலும் யூடியூபிலும் கிடைக்கும். ஒரே விடை நூறு கையெழுத்தில் படிப்பு மையத்துக்கு வந்து சேரும். கற்பித்தல் பயிற்சியை மேற்பார்க்க வேண்டியவர் பெரும்பாலும் அதே பள்ளித் தலைமையாசிரியர். தன் பள்ளியின் ஆளுக்கு அவர் கையெழுத்துப் போட மறுக்கும் வாய்ப்புக் குறைவு. விடுமுறை நாள் தொடர்பு வகுப்புகளில் எழுபது எண்பது பேர், பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்க, ஒருவர் மைக்கில் குழந்தை மையக் கல்வி பற்றி மூன்று மணி நேரம் சொற்பொழிவாற்றும் காட்சியில் உள்ள முரண் யாருக்கும் புரியும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதினெட்டு மாதத்தில் தேற்றியாக வேண்டும் என்று கெடு வைத்தால் தரத்தில் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அந்த அவசரத்தின் விலையைக் கட்டியவர்கள் படித்தவர்கள்தான். 18 மாதப் பட்டயம் இரண்டு ஆண்டுப் பட்டயத்துக்குச் சமமா என்ற கேள்வி நீதிமன்றம் ஏறியது. பீகாரில் புதிய பணிக்கு இது செல்லாது என்ற நிலைப்பாட்டைப் பாட்னா உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் ஏற்கவில்லை. உத்தரகாண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் வேறுவிதமாகச் சொன்னது: இந்தப் படிப்பு பணியில் இருந்தவர்களின் பணியைக் காப்பாற்ற ஒருமுறை தரப்பட்ட சலுகை, புதிய நியமனத்துக்கு இரண்டு ஆண்டுப் படிப்புக்கு ஈடாகாது. பிறகு 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் அதைத் தெளிவுபடுத்தியது. 2017 ஆகஸ்ட் 10 அன்று பணியில் இருந்து, கெடுவுக்குள் பட்டயத்தை முடித்தவர், வேறு பள்ளிக்கு விண்ணப்பிக்கவும் பதவி உயர்வுக்கும் தகுதியானவர்தான். ஆக, சான்றிதழ் ஒன்றாகவே இருந்தாலும், அந்த ஒரு நாளில் எந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தது என்பதை வைத்து அதன் மதிப்பு மாறுகிறது. பழைய வருகைப் பதிவேட்டின் நகலும் சம்பளச் சீட்டும் பட்டயத்துக்கு நிகரான ஆவணங்களாகிவிட்டன.

பி.எட். படித்துவிட்டுச் சின்ன வகுப்பில் இருப்பவர்களின் கதை வேறு. 2018 ஜூன் 28இல் வந்த அறிவிக்கை பி.எட். பட்டதாரிகளையும் ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்க அனுமதித்தது. 2023 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்கும் கலையை பி.எட். சொல்லித்தருவதில்லை என்பதே தீர்ப்பின் உட்கரு. இடைப்பட்ட காலத்தில் நியமனம் பெற்றவர்களுக்காக ஆறு மாத இணைப்புப் படிப்பைத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் தொலைநிலையில் நடத்த ஏற்பாடாயிற்று. இதுவும் பணியில் உள்ளவருக்கு மட்டும்.

எதிர்த்திசையில், பட்டயத்திலிருந்து பி.எட்.டுக்குப் போவதற்குத் தொலைநிலை நன்றாகவே உதவுகிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை நடத்தும் அஞ்சல் வழி பி.எட்.டில், பட்டப்படிப்பு முடித்து, பயிற்சி பெற்றுப் பணியாற்றும் தொடக்க ஆசிரியர் சேரலாம். நேரடி ஆசிரியர் பயிற்சியை முன்பே முடித்தவரும் சேரலாம். இடைநிலை ஆசிரியர்கள் பலர் பட்டதாரி ஆசிரியரானது இந்தப் படியில் ஏறித்தான். ஏணியின் இரண்டாவது படி தபாலில் கிடைக்கிறது, வகுப்பில் இல்லாதவருக்கு முதல் படி கிடைப்பதில்லை.

முதல் படியும் தபாலில் கிடைக்கும் என்று சொல்லும் சுவரொட்டிகள் பேருந்து நிலையச் சுவர்களில் குறையவில்லை. 'வீட்டிலிருந்தே ஒரே ஆண்டில் டீச்சர் ட்ரெயினிங்' என்று எழுதியிருக்கும். கேட்டால் வெளிமாநிலத்து நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொல்வார்கள். மழலையர் கல்வி, மாண்டிசோரி என்ற பெயர்களில் வரும் பல சான்றிதழ்கள் விளையாட்டுப் பள்ளியில் வேலைக்கு உதவலாம். ஒன்றாம் வகுப்புக்குச் சட்டம் கேட்கும் தகுதி அவற்றில் இல்லை. சரிபார்ப்பது பெரிய வித்தையல்ல. தொலைநிலையில் தொடக்கக் கல்விப் பட்டயம் நடத்த அந்த நிறுவனத்துக்கு அந்த ஆண்டுக்கு ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும், அது குழுமத்தின் இணையதளத்தில் இருக்கும். பணி அனுபவச் சான்று கேட்காமல் பணம் மட்டும் கேட்கிறார்கள் என்றால் மேற்கொண்டு எதையும் சரிபார்க்கத் தேவையே இல்லை.

2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், வயது கடந்து இந்தப் படிப்பைத் தேடுகிறவர்களின் கூட்டத்தில் இன்னும் பலரைச் சேர்த்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை வேளையில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த லட்சக்கணக்கான தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். கற்பிக்கும் ருசி அவர்களுக்கு அப்போது பிடிபட்டது. ஆனால் அந்த மாலைகள் அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் பணி அனுபவமாகக் கணக்கில் வருவதில்லை. அவர்களுக்குத் திறந்திருப்பது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலோ தனியார் நிறுவனத்திலோ நேரில் படிக்கும் இரண்டு ஆண்டுதான். தேசியக் கல்விக் கொள்கை 2030க்குள் பள்ளி ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியாக நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.எட். பட்டத்தைக் குறிவைப்பதால், இந்தப் பட்டயம் எத்தனை நாளுக்கு என்ற பேச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எந்த வழியில் பட்டயம் வாங்கினாலும் அடுத்து ஆசிரியர் தகுதித் தேர்வு. 150 கேள்வி: குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல், ஒவ்வொன்றிலும் 30. பொதுவாக 60 சதவீதம் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் விரித்தது: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேறியாக வேண்டும். இருபது ஆண்டு பாடம் எடுத்தவர்களும் மறுபடி பியாஜேயைப் புரட்டும்படி ஆயிற்று.

தகுதித் தேர்வில் தேறினால் வேலை என்பதும் இங்கே இல்லை. 2018இல் வந்த 149ஆம் எண் அரசாணைப்படி, தேறியவர்கள் அரசுப் பணிக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். இடைநிலை ஆசிரியருக்கான அந்தப் போட்டித் தேர்வு 2024 ஜூலை 21இல் நடந்தது, பணியிடங்கள் 2,768. இந்தப் படிகளையெல்லாம் ஏறி முடிக்கும்போது வயது எங்கே இருக்கும் என்ற கவலைக்கு மட்டும் அரசு 2023இல் கொஞ்சம் வழி விட்டது. நேரடி நியமனத்துக்கான வயது உச்சவரம்பு பொதுப் பிரிவினருக்கு 53 ஆகவும் மற்றவர்களுக்கு 58 ஆகவும் உயர்ந்தது. நெசவுக் குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது 58.